குழந்தை மனநல மருத்துவத்தில் அறிவை எப்படிச் சோதிப்பது? கேள்வியும் தொடர் குறிப்புகளும்

2 மார்ச் 2025, மாலை. வந்த கேள்வி

மனநல மருத்துவத்தில் எம்டி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பகுதியைப் பொறுத்தவரை தேர்வு என்றாலே எண்கள்தான். ஏடிஹெச்டிக்கு (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) 12 வயதுக்கு முன், படுக்கை நனைப்புக்கு 5 வயது, ஆடையில் மலம் போவதற்கு 4, டிஎம்டிடிக்கு (ஓயாத எரிச்சலும் கோப வெடிப்பும்) வாரம் 3 முறை, செலக்டிவ் மியூட்டிசத்துக்கு (சில இடங்களில் மட்டும் பேசாதிருப்பது) 1 மாதம். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் முடிந்தது. இதற்கு மேல் இந்தப் பாடத்தில் சோதிக்க என்ன இருக்கிறது?

2 மார்ச், இரவு

ஒட்டுங்கள். என் பிஜிக்களிடமும் (முதுநிலை மாணவர்கள்) முதல் வாரத்தில் அந்த எண்களைத்தான் கேட்பேன். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரியாதவரிடம் எண் மட்டும் இருந்து குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

12ஐயே எடுத்துக்கொள்வோம். 2013இல் டிஎஸ்எம் (மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) ஐந்தாம் பதிப்பு வருவதற்கு முன் அது 7. ஏன் மாற்றினார்கள்? "ஏழு வயசுக்கு முன்னாடியே இப்படி இருந்தானா?" என்று பல வருடம் கழித்துக் கேட்டால் யாராலும் நம்பகமாகச் சொல்ல முடிவதில்லை. ஏழுக்குப் பிறகு தெரியவந்தவர்களுக்கு ஏழுக்கு முன் தெரியவந்தவர்களைவிடப் பாதிப்பு குறைவாகவும் இல்லை. சேட்டை இல்லாமல் கவனக்குறைவு மட்டும் இருக்கிற பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் யார் கண்ணிலும் படாது. நாலாம் ஐந்தாம் வகுப்பில் பாடச்சுமை ஏறும்போதுதான் வெளியே தெரியும்.

ஆகவே "எத்தனை வயது?" என்று நான் கேட்க மாட்டேன். "ஒன்பது வயசுலதான் இப்படி ஆனான், அதுக்கு முன்னாடி டீச்சர் ஒண்ணும் சொன்னதில்லைன்னு அம்மா சொல்றாங்க. ஏடிஹெச்டி இல்லைன்னு அனுப்பிடலாமா?" என்று கேட்பேன். எண் தெரியாதவர் இதில் மாட்டுவார். எண் மட்டும் தெரிந்தவர் "12க்கு முன்தானே, ஏடிஹெச்டிதான்" என்று பாய்வார், அவரும் மாட்டுவார். ஒன்பது வயதில் புதிதாக வந்தது என்றால் அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது, பள்ளி மாறியதா, தூக்கம் எப்படி, குறட்டை உண்டா என்று திருப்பிக் கேட்பவருக்குத்தான் மதிப்பெண்.

படுக்கை நனைப்பும் அப்படியே. "5 வயது" என்ற சொல்லோடு அந்த வரி முடியவில்லை. "அல்லது அதற்கு இணையான வளர்ச்சி நிலை" என்று தொடர்கிறது. பையனுக்கு ஏழு வயது, வளர்ச்சி மூன்று வயதுக் குழந்தையின் அளவில் என்றால் உங்கள் சுவர்த்தாள் நோய் என்று சொல்லும். விதிமுறை அப்படிச் சொல்லவில்லை.

3 மார்ச், காலை

சரி, இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒரு கேள்வி வைக்கிறேன். பல பிள்ளைகளிடம் பார்த்ததைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதியது.

எட்டு வயதுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு. ஆசிரியை கொடுத்தனுப்பிய சீட்டில் மூன்றே வரி: "கவனம் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. எப்போதும் கனவு." அம்மா சொல்வது: "வீட்லயும் அப்பப்போ இப்படித்தான். சாப்பிடும்போது கையில சோத்த வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பா." எட்டு மாதமாக இருக்கிறது. அதற்கு முன் நன்றாகப் படித்தவள். சேட்டை கிடையாது, தூக்கம் நன்றாக இருக்கிறது, காது பரிசோதனையிலும் குறையில்லை.

டிக்டேஷன் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, எழுத்துப் பிழை அநேகமாக இல்லை. ஆனால் வாக்கியத்தின் நடுவில் சொற்கள் காணாமல் போகின்றன. ஆசிரியை சொன்னது: "காலையில் எழுந்து பல் துலக்கிக் குளித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்ல வேண்டும்." இவள் எழுதியது: "காலையில் எழுந்து பள்ளிக்குச் செல்ல வேண்டும்." விட்டுப்போன இடத்துக்கு முன்னால் இருக்கும் எழுத்தின் வால், கோட்டைத் தாண்டிக் கீழே மெலிதாக இழுத்துக்கொண்டு போகிறது. நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் அந்த வால்.

ஓபியில் உங்கள் மேசைமேல் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வீர்கள்? விருப்பங்கள் கிடையாது.

4 மார்ச், இரவு

பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கவனக்குறைவு வகை ஏடிஹெச்டி என்றார்கள். "ஆறு மாதத்துக்கு மேல், இரண்டு இடங்களில், 12 வயதுக்கு முன்" என்று மூன்று எண்ணையும் பொருத்தியும் காட்டினார்கள். பொருந்தத்தான் செய்கிறது. இந்தக் கேள்வியை வைத்ததே அதற்காகத்தான். மனநல மருத்துவமே படிக்காத ஒரு தமிழாசிரியர் மட்டும் "அந்தப் பென்சில் கோடு ஏன் கீழே போகிறது?" என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கோடு கீழே போவது, கை எழுதுவதை நிறுத்திவிட்டது என்பதற்கு அடையாளம். மனம் அலைபாயும் பிள்ளை சொல்லைத் தவறவிடும், வேறெதையாவது எழுதும், ஓரத்தில் பூ வரையும். பென்சில் தாளில் ஊன்றியபடியே தளர்ந்து சரிவது வேறு விஷயம். அவளைப் பொறுத்தவரை அந்தப் பத்து நொடி நடக்கவே இல்லை. அதனால்தான் இரண்டு துண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறாள், அழித்து எழுதவும் இல்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு காகிதத்துண்டைக் கிழித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்து, ஆடிக்கொண்டே இருக்கும்படி மூச்சை நன்றாக இழுத்து ஊதச் சொல்லுங்கள். மூன்று நிமிடம். அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் ஊதுவது சட்டென்று நிற்கும். கண் ஒரு இடத்தில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது. சில நொடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஊதத் தொடங்குவாள். இதுதான் ஆப்சென்ஸ் வலிப்பு, சில நொடி மட்டும் நினைவு விட்டுப்போகும் வகை. சிகிச்சை தொடங்காத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இப்படி ஊதவைத்தாலே வந்துவிடும். ஈஈஜியில் (மூளையின் மின்னலைப் பதிவு) நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர் அலைகள் வரிசையாக விழும். மூச்சுத்திணறல், இதய நோய் உள்ள பிள்ளையை மட்டும் ஊதவைக்கக் கூடாது.

மருந்தையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் 453 குழந்தைகளை வைத்து எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. முதல் இரண்டும் வலிப்பைச் சமமாக அடக்கின, எத்தோசக்சிமைடு கவனத்தைக் குறைவாகப் பாதித்தது. பெண் குழந்தைக்கு வால்ப்ரோயேட் என்றால் பிற்காலத்தில் கர்ப்பத்தில் வரும் ஆபத்தையும் யோசிக்க வேண்டும். வலிப்பு நின்ற பிறகு கவனத்தை மறுபடி சோதியுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கவனக்குறைவும் கூடவே இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றொன்றை மறந்துவிடக் கூடாது.

"இது நரம்பியல் கேள்வி, எங்கள் பாடத்தில் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுமியை "கவனம் இல்லை" என்ற சீட்டோடு நம்மிடம்தான் அனுப்புகிறார்கள். வந்த பிறகு அவள் நம் பாடம்.

5 மார்ச்

ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர் யார் என்ற சண்டையில் இறங்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் ஒரு திருத்தம். கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார், ஆஸ்பெர்கர் 1944இல். அதோடு வரலாறு முடிகிறது என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா 1925லேயே ஆறு சிறுவர்களை விவரித்துவிட்டார், அடுத்த ஆண்டு அது ஜெர்மன் மொழியிலும் வந்தது. ஆஸ்பெர்கரைப் பற்றித் தேர்வில் கேட்பதானால் ஆண்டைக் கேட்பதைவிட, அவர் வியன்னாவில் குழந்தைகளை ஆம் ஷ்பீகல்க்ருண்டுக்கு அனுப்பிவைத்ததை 2018இல் வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டதைக் கேளுங்கள். நாஜி ஆட்சியில் கிட்டத்தட்ட 800 குழந்தைகள் இறந்த இடம் அது. ஒரு குழந்தையைப் பற்றி மருத்துவர் எழுதும் சீட்டு எவ்வளவு தூரம் போகும் என்று பிஜிக்குத் தெரிய வேண்டும்.

7 மார்ச், இரவு

"அம்மா ஒண்ணுமே இல்லைங்கிறாங்க, ஆசிரியர் அடங்காத பிள்ளைங்கிறார். யாரை நம்புவது?" என்று கேட்டவருக்கு.

இருவரையும். 1987இல் உளவியலாளர் ஆக்கன்பாக் குழுவினர் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும்போல ஒரே இடத்தில் பார்ப்பவர்கள் சொல்வதற்குள் ஒத்திசைவு 0.60 (1 என்றால் முழுமையாக ஒத்துப்போவது). பெற்றோர் ஒருபுறம், ஆசிரியர் மறுபுறம் என்றால் 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவர் சொல்வதும் 0.22. 0.28 என்பது சின்ன எண். அதைப் பார்த்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. பிள்ளை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் ஆடுகிற பையன் வீட்டில் ஒற்றைக்கு ஒற்றையாக லூடோ ஆடும்போது அமைதியாக இருப்பான். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பெண் பள்ளியில் ஒரு சொல்லும் பேசாமல் இருப்பாள். செலக்டிவ் மியூட்டிசம் என்பதே அதுதான். அவள் அம்மாவை மட்டும் கேட்டால் நோயே இல்லை.

நம் ஊர் விஷயம் ஒன்று. அப்பா அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட், பிள்ளை ஊரில் பாட்டியிடம். ஓபிக்கு அழைத்து வருவதும் பாட்டிதான். கேள்வித்தாளில் "தாய் நிரப்பவும்" என்று இருக்கும். அம்மா போனில் பதில் சொல்வார், பாட்டி பக்கத்தில் தலையை ஆட்டி மறுப்பார். இந்த நிலைமையை அப்படியே வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கொடுத்து "இப்போது எப்படிக் கேட்பாய்?" என்றால், பாட்டியைத் தனியே உட்காரவைத்து ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிற மாணவருக்கு முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுவேன்.

8 மார்ச்

இன்றைக்கு ஓபியில் ஆறு வயதுக்காரனிடம் மூன்று ஆசை கேட்டேன். குழந்தைப் பேட்டியில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். "ஒரு ஆனை வேணும். அதுக்கு ஒரு வீடு வேணும். அம்மா அந்த ஆனைக்குப் பயப்படக் கூடாது" என்றான். மூன்றாவது ஆசையில்தான் விஷயம் இருந்தது. வீட்டில் எதற்கெல்லாம் அம்மா பயப்படுவார் என்று கேட்கவும், அவரே பேச ஆரம்பித்தார். சிகிச்சை அவரிடமிருந்து தொடங்கியது.

9 மார்ச், ஞாயிறு

ஐக்யூ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில் தவறு நடந்தால் குடும்பம் அலுவலகம் அலுவலகமாக அலையும்.

முதலில் எண். சராசரி 100, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பரவும் அளவு) 15. இரண்டு திட்டவிலக்கம் கீழே போனால் 70. அளவீட்டுப் பிழை ஐந்து வைத்தால் 65இலிருந்து 75 வரை எல்லாமே சாம்பல் நிறப் பகுதி. டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டின் தீவிரத்தை ஐக்யூவை வைத்து முடிவு செய்வதை நிறுத்திவிட்டது. அன்றாட வாழ்க்கையில் பிள்ளை என்ன செய்துகொள்கிறது என்பதுதான் அளவுகோல்: சட்டைப் பித்தான் போடுவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது, பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும் என்று தெரிவது. வைன்லேண்ட் அளவுகோலை நாம் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

இனி, கருவி. இங்கே இன்னும் பினே-காமத் ஐக்யூ சோதனை ஓடுகிறது. 1930களில் வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் தழுவியது. இந்தியக் குழந்தைகளுக்கான மாலின் ஐக்யூ சோதனை 1969இல் நாக்பூரில் வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மதிப்பெண் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது, பல நாடுகளில் பத்து ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி. பழைய அளவீட்டோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். உதவி தேவைப்படும் பிள்ளை 74 என்று வரம்புக்கு வெளியே போய்விடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பள்ளிக்கே ஒழுங்காகப் போகாத பிள்ளை, வீட்டில் வேறு மொழி, சோதிப்பவரை அன்றைக்குத்தான் முதன்முறை பார்க்கிறது, வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஊசி என்று வாயை மூடிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு 58 வரும். அது அறிவின் அளவே இல்லை.

ஆகவே பிஜியிடம் "மிதமான குறைபாட்டுக்கு ஐக்யூ எவ்வளவு?" என்று கேட்பது வீண். 68 என்று எழுதிய ஓர் அறிக்கையைக் கையில் கொடுத்து "இதில் நீ முதலில் எதைத் தேடுவாய்?" என்று கேளுங்கள். எந்தச் சோதனை, எந்த மொழி, சோதனையின்போது பிள்ளை எப்படி இருந்தது, காது கண் பார்த்தார்களா, வைன்லேண்ட் என்ன சொல்கிறது. "சோதனையின்போது நடத்தை" என்ற பத்தியே இல்லாத அறிக்கை என்றால் அதைத் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும்.

கற்றல் குறைபாடு சான்றிதழ் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அது இருக்கிறது. 2018இல் வந்த வழிகாட்டுதல்படி எட்டு வயதில் முதல் சான்றிதழ், பிறகு 14லும் 18லும் மறு சோதனை என்று இருந்தது; 2024இல் வழிகாட்டுதலைப் புதுப்பித்தார்கள். உங்கள் மகனுக்கு ஆறு வயது என்கிறீர்கள். இப்போது சான்றிதழ் கிடைக்காது, ஆனால் வாசிப்புப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம், எட்டு வரை காத்திருக்காதீர்கள்.

11 மார்ச்

"எம்சிக்யூவையே ஒழித்துவிடலாமே" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியைச் சொல்கிறீர்கள். வேண்டாம். விருப்பங்களைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியைப் படித்தால் பதில் மனதில் வர வேண்டும். அப்படி வந்தால் அது நல்ல எம்சிக்யூ. நூறு பேரை ஒரே மாதிரி சோதிக்க அதைவிட நேர்மையான வழி கிடையாது.

நான் அடிக்கடி செய்வது, ஒரே விவரத்தை வைத்துக்கொண்டு வயதை மட்டும் மாற்றுவது. "கண்ணுக்குத் தெரியாத ஒரு நண்பனோடு பேசுகிறாள், சாப்பாடு வைக்கிறாள்." நான்கு வயது என்றால் விளையாட்டு. பதினைந்து வயதில், படிப்பும் தூக்கமும் கெட்டு, அறைக்குள்ளேயே அடைந்துகொண்ட நிலையில் என்றால் உடனே பார்க்க வேண்டியது. "தாத்தா செத்துட்டார், எப்ப வருவார்?" ஐந்து வயதில் இயல்பான கேள்வி, சாவு திரும்பாதது என்ற புரிதல் பெரும்பாலும் ஏழு வயதையொட்டித்தான் கெட்டிப்படுகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் அதையே கேட்டால் நான் உட்கார்ந்து கேட்பேன்.

இன்னொன்று, நேரம். ஐந்து வயதுப் பையன் ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறான். பாட்டி "பயந்திருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்கிறார். மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தூங்கி எவ்வளவு நேரத்தில்? ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், வியர்த்துக்கொண்டு, அம்மாவையே அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் ஞாபகம் இல்லாமல் என்றால் ஆழ்தூக்கத்தில் வரும் இரவுப் பயம். விடியற்காலையில், கனவை விவரமாகச் சொல்லிக்கொண்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்றால் கெட்ட கனவு. முன்னதில் எழுப்ப வேண்டாம், அடிபடாமல் பார்த்துக்கொண்டு மறுபடி படுக்கவைத்தால் போதும். ஒரே ராத்திரியில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் அச்சாக ஒரே அசைவு என்றால் வலிப்பை நினைக்க வேண்டும். கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பாட்டிக்கு அதனால் தூக்கம் வரும்.

12 மார்ச், மதியம்

மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெடினுக்குத் தற்கொலை பற்றிய எச்சரிக்கை இருக்கிறதே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் கடும் எச்சரிக்கை) என்றால் கொடுக்கவே கூடாது என்று பொருளில்லை. 2004இல் எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் ஒருவரும் இறக்கவில்லை. 2007இல் எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டித்தார்கள். அதே 2004இல் வந்த டாட்ஸ் ஆய்வில் மனச்சோர்வுள்ள 439 வளரிளம் பருவத்தினர், 12 வாரம். மருந்தும் சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) சேர்ந்து 71 சதவீதம் பேருக்குப் பலன், மருந்து மட்டும் 61, சிபிடி மட்டும் 43, வெற்று மாத்திரை 35.

இந்த எண்களைத் தேர்வில் ஒப்பிப்பது சுலபம். "பேப்பர்ல தற்கொலை வரும்னு போட்டிருக்கே டாக்டர்" என்று நடுங்குகிற அப்பாவிடம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி, முதல் சில வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும் (திடீர்ப் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல்), யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் கடினம். நான் சோதிப்பது அதை.

14 மார்ச், இரவு

ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு பற்றி. ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1975இல் எழுதிக் காட்டிய முறை: நிலையம் நிலையமாக மாணவர் நகர்வார், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. எங்கள் துறையில் ஒரு நிலையத்தில் சீனியர் ஒருவர் அம்மாவாக நடிப்பார், இன்னொருவர் பதினைந்து வயது மகளாக. அம்மா: "ரெண்டு மாசமா எரிஞ்சு எரிஞ்சு விழுறா, மார்க்கு போச்சு, போன்தான் காரணம்." மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் முறை செய்கிற மாணவர்களில் அநேகம் பேர் முழு நேரமும் அம்மாவோடு பேசி முடித்துவிடுகிறார்கள். சிலர் அம்மா முன்னாலேயே "சாகணும்னு தோணுதா?" என்று மகளைக் கேட்கிறார்கள். அவள் வேறு என்ன சொல்வாள், "இல்லை" என்பாள்.

நான் எதிர்பார்ப்பது: "அம்மா, எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுவோம், நீங்க வெளிய இருங்க, அப்புறம் உங்களையும் கூப்பிடுறேன்." பிறகு மகளிடம், எதையும் கேட்பதற்கு முன்பே: "நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்ன தப்பா தொட்டிருந்தாலோ, அத நான் வெளிய சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இந்த வரிசை மாறவே கூடாது. முழு ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவள் சொன்ன பிறகு சட்டம் என்று சொன்னால் அந்தப் பிள்ளை வாழ்நாளில் இன்னொரு மருத்துவரை நம்பாது.

சட்டம் கேட்டவர்களுக்கு. போக்சோ 2012, 19ஆம் பிரிவு: 18 வயதுக்குள் இருப்பவர்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மருத்துவருக்கும் விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. எஃப்ஐஆர் இருந்தால்தான் பரிசோதிப்பேன் என்று சொல்லவும் முடியாது, 27ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 87ஆம் பிரிவு: 18க்குள் உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, பாதுகாவலரோ அவர் அமர்த்தும் உதவியாளரோ கூடவே இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஈசிடிக்கு (மின் அதிர்ச்சி சிகிச்சை) வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் வழியே இல்லை.

இந்த எண்களைச் சுவரில் ஒட்டலாம், நானே ஒட்டியிருக்கிறேன். தனியே பேசுவதற்கு ஓர் அறையும் கதவும் வேண்டும், அது பல இடத்தில் இல்லை. வராந்தாவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசிய காலம் எனக்கு உண்டு. அறை இல்லை என்ற காரணத்தால் கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை ஓபியில் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

15 மார்ச்

பென்சில் கோட்டைப் பிடித்த தமிழாசிரியர் கேட்டிருக்கிறார்: "எங்களைப் போன்றவர்களுக்கு என்ன தெரிந்திருந்தால் போதும்?"

நோயின் பெயர் தெரிய வேண்டாம். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். "கவனம் இல்லை" என்று எழுதாமல் "கணக்கு வகுப்பில், மதியத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது, பலகையைப் பார்த்தபடி அசையாமல் நின்றுவிடுகிறான், தோளைத் தொட்டால் திரும்புகிறான்" என்று எழுதுங்கள். தொட்டால் திரும்புகிறானா இல்லையா என்ற ஒரு வரி எங்களுக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். எப்போதிருந்து என்பதையும் சேருங்கள்.

16 மார்ச், இரவு

அவரே மறுபடியும்: ஒன்பதாம் வகுப்பு மாணவி கட்டுரை நோட்டில் "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்று எழுதியிருக்கிறாளாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டது ஆகாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். நாளைக் காலை முதல் வேலையாக அவளைத் தனியே அழைத்து, அந்த வரியைக் காட்டி, நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். அவளிடம் சொல்லிவிட்டே பெற்றோரை வரவழையுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். வீட்டில்தான் அவளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோரிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள்: வீட்டில் இருக்கிற பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாம் இன்றைக்கே அவள் கைக்கு எட்டாத பூட்டுக்குள் போக வேண்டும். இந்த வயதில் பல முயற்சிகள் திடீர் வேகத்தில், கைக்குக் கிடைத்ததை வைத்து நடப்பவை. ஆஸ்கியில் இதற்கும் ஒரு நிலையம் உண்டு. வீட்டில் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்காமல் பெற்றோரை அனுப்பிவைக்கும் பிஜிக்கு மற்ற நிலையங்களில் எவ்வளவு வந்திருந்தாலும் நான் தேர்ச்சி போடுவதில்லை.